விழுப்புரம் தாண்டி ஒரு டன்னல்

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று என் தம்பி செண்பகராஜிடம் கேட்டுப் பாருங்கள். ஐம்பத்தைந்து நிமிடம் என்பான். வீட்டிலிருந்து டாக்சி பிடித்து, சாலையில் முட்டி மோதி, பெல்ட்டைக் கழற்றி, செருப்பைக் கழற்றி, மானத்தையும் கழற்றி வரிசையில் நின்றதெல்லாம் எந்தக் கணக்கு என்று கேட்டால் சிரிப்பான். அந்த நேரத்தைக் காணாமல் அடிப்பதுதான் அவன் பார்க்கிற வேலை. பயண நேரத்தை மறக்கடிக்கிற காதுப்பொட்டை விற்கிற கம்பெனியில் அவன் பெரிய ஆள்.

நான் அதிவேக ரயிலில் நேர அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். என் பெயர் பேச்சிப்ரியா. எங்கள் வண்டி கிளம்புகிற நொடியிலும் சேருகிற நொடியிலும் என் கையெழுத்து இருக்கும். வண்டலூரில் ஒரே கட்டடத்தில்தான் எங்கள் இருவருக்கும் வீடு. எனக்கு மூன்றாம் மாடி, அவனுக்கு ஏழாம் மாடி. பதினொரு வருடமாக நேருக்கு நேர் பேச்சுவார்த்தை கிடையாது. போனில், உடன்பிறந்த மூவர் மட்டும் இருக்கிற குடும்பக் குழுவில் குத்திக்கொள்வோம். அவன் விமானம் தாமதமானால் நான் செய்தியை ஒட்டுவேன். எங்கள் ரயில் கட்டணம் ஏறினால் அவன் ஒட்டுவான். மூத்தவள் உலகேஸ்வரி, நாங்கள் பெரியக்கா என்று கூப்பிடுவது, தென்காசியில் உட்கார்ந்து இரண்டையும் படித்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டாள்.

சண்டைக்குக் காரணமும் பயண நேரம்தான். பெரியக்கா மகள் தாமிரா வயதுக்கு வந்ததற்குச் சடங்கு வைத்திருந்தோம். தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து மாலை போட வேண்டும். முகூர்த்தம் பத்தரை மணி. செண்பகராஜின் விமானம் மூடுபனியில் ஐந்து மணி நேரம் தரையிலேயே நின்றுவிட்டது. முதல் ரயிலில் வந்து சேர்ந்த நான் சும்மா இருந்திருக்கலாம். “அவன் வரமாட்டான்க்கா, நேரம் போவுது, ஆரம்பி” என்றேன். அத்தானின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் மாலை போட்டார். மூன்று மணிக்கு இவன் தட்டோடு வந்து நின்றான். சபையே சிரித்தது. இவன் ஏதோ சொல்ல, பெரியக்கா ஏதோ சொல்ல, கடைசியில் அவள் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டாள்.

“இனிமே உன் கோடி என் கட்ட மேல விழக் கூடாதுல.”

கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டுச் சேலைதான் அவள்மேல் முதலில் விழ வேண்டும். அதுதான் கோடி. அண்ணனோ தம்பியோ கொண்டுவர வேண்டும். அது வராமல் எங்கள் பக்கம் பாடையைத் தூக்கமாட்டார்கள். தம்பி உயிரோடு இருக்கும்போது அப்படிச் சொல்வது அவன் முகத்தில் காறித் துப்புவது போல. அவன் தட்டோடு திரும்பிப் போனான். ஆறு மாதத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டுக் காதுப்பொட்டுக் கம்பெனியில் சேர்ந்தான்.

பதினொரு வருடம் கழித்து ஒரு நாள் காலை ஆறு பத்துக்குத் தாமிரா போனில் கூப்பிட்டாள். “சித்தி, அம்மாக்கு மூச்சு எளைக்கி. மத்தியானம் தாண்டாதுங்காரு டாக்டர். பேச்சு இன்னும் தெளிவா இருக்கு. மாமாட்டயும் சொல்லிட்டேன். சட்டுனு வாங்க.”

ஆறு நாற்பதுக்கு லிஃப்ட் மூன்றாம் மாடியில் திறந்தது. உள்ளே செண்பகராஜ் நின்றுகொண்டிருந்தான். அடுத்த லிஃப்டுக்குக் காத்திருக்க எனக்கு நேரமில்லை. ஏறினேன்.

“எதுல போற?” என்றேன்.

“பறந்துதான். நீ உன் மாட்டுவண்டியிலயா?”

“நாங்க தரையில போற மனுசங்க.”

“தரை எங்க இருக்கு? திருநெல்வேலி வரைக்கும் தூணு மேலல்லா ஓடுது. ஒரு டன்னல் உண்டா, ஒரு மலை உண்டா? ரெண்டரை மணி நேரம் வெயிலையும் கருவேலத்தையும் பாத்துக்கிட்டே போவணும். கொடுமை. எனக்கு அம்பத்தஞ்சு நிமிசம்.”

“கணக்கச் சொல்லு கேப்போம். இங்கேருந்து ஏர்போர்ட்டு?”

“நாப்பது நிமிசம்.”

“உள்ள?”

“உள்ள ஒண்ணும் கெடையாது.”

“ஒரு மணி நேரம் முன்னாடி போவணும்லா? அது யாரு நேரம், உங்க மொதலாளி நேரமா?”

“போவேன். ஆனா எனக்கு அது கெடையாது. வாசல்ல காதுக்குப் பின்னால பொட்ட ஒட்டுவாங்க. அடுத்த நிமிசம் சீட்டுல பெல்ட்டு போட்டுக்கிட்டு இருப்பேன். எறங்கும்போதும் அப்படித்தான்.”

“மயக்க மருந்தக் குடுத்து ஆட்டு மந்த மாதிரி ஓட்டுதீங்க.”

“எத்தன தடவ சொல்லுதது? மயக்கம் கெடையாது. நடப்பேன், சிரிப்பேன், காபி குடிப்பேன், போன் பேசுவேன். மூளை அத எழுதி வைக்காது, அவ்வளவுதான். எழுதி வைக்காத நேரம் நேரமே இல்ல.”

“எங்க ரயில்ல அந்த அசிங்கமெல்லாம் கெடையாது” என்றேன். அப்போது அவன் தோள்பையின் வாயில் பச்சைப் பட்டு எட்டிப் பார்ப்பதைக் கவனித்தேன். சடங்கன்று பெரியக்காவுக்கென்று அவன் எடுத்துவந்த அதே சேலை. திருப்பிக் கொண்டுபோனதை இவ்வளவு நாள் பீரோவிலேயே வைத்திருந்திருக்கிறான்.

“உசுரு இருக்கும்போதே கோடியோட கெளம்பிட்டியால?” என்றேன்.

லிஃப்ட் தரைத்தளத்தில் நின்றது. கதவு திறந்தும் அவன் நகரவில்லை. “உடுத்திக்கிடச் சொல்லிக் குடுக்கப் போறேன்” என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. பிறகு வழக்கமான குரல் வந்துவிட்டது. “மணி ஆறு நாப்பது. அக்கா வாசப்படிய யாரு முதல்ல மிதிக்காங்கன்னு பாப்போம்.”

“பாப்போம்ல.”

ஒரே இடத்துக்குத்தான் போகிறோம். ஒருவர் மற்றவரோடு போயிருக்கலாம். இரண்டு டாக்சி வந்தது, ஆளுக்கொன்றில் ஏறினோம்.

ஏழு இருபதுக்கு வண்டி கிளம்பியது. எனக்கு ஜன்னலோர இருக்கை. எங்கள் பெட்டிகளில் வேகத்தைக் காட்டும் பலகை ஒன்று உண்டு. அது முந்நூறைத் தொட்டதும் போனை எடுத்துப் படம்பிடித்தேன். ஜன்னலையும் பலகையையும் என் கைக்கடிகாரத்தையும் ஒன்றாகக் காட்டி, “மணி ஏழு நாப்பத்தெட்டு. விழுப்புரம் தாண்டியாச்சு. பறக்கிறவரு இன்னும் தரையில செருப்பக் கழத்திக்கிட்டு இருக்காரு” என்று பேசிக்கொண்டிருந்தேன். நடுவில் பெரியக்கா கூப்பிட்டாள். படம் அறுந்துபோயிற்று.

வெட்டினேன்.

மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். மறுபடி அவள். மறுபடி வெட்டினேன். நேரில்தான் பார்க்கப் போகிறோமே, இன்னும் மூன்று மணி நேரம் பொறுக்கமாட்டாளா என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். மூன்றாவது தடவை அவள் பெயர் திரையில் வந்தபோது சத்தத்தை அமர்த்திவிட்டு, எடுத்தவரைக்கும் குழுவில் போட்டேன். பதில் வரவில்லை. உள்ளே போயிருப்பான், பொட்டு ஒட்டியிருப்பார்கள் என்று சிரித்துக்கொண்டேன். காபி வாங்கிக் குடித்தேன். திருச்சிக்குப் பக்கத்தில் நல்ல மழை பெய்துகொண்டிருந்தது. எல்லாம் ஞாபகமிருக்கிறது. ஒரு நிமிடம்கூட விடாமல் ஞாபகமிருக்கிறது.

திருநெல்வேலியில் ஒன்பது ஐம்பத்தைந்துக்கு இறங்கினேன். அங்கிருந்து காரில் தென்காசி. பெரியக்கா தெருவுக்குள் நுழையும்போது மணி பத்து ஐம்பத்தெட்டு. வாசலில் அவன் செருப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று மனது ஒரு குதி குதித்தது. அதற்குப் பிறகுதான் மற்ற செருப்புகளைப் பார்த்தேன். ஐம்பது அறுபது ஜோடி கிடந்தன. பந்தலுக்குக் கழி ஊன்றிக்கொண்டிருந்தார்கள்.

“ஒம்பது நாப்பதுக்கு, சித்தி” என்றாள் தாமிரா. அழுது முடித்த முகம். என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. அவள் கையில் பெரியக்காவின் போன் இருந்தது. “அம்மா உங்களுக்கு மூணு தடவ அடிச்சா. ஏன் எடுக்கல?”

சுற்றிலும் பெண்கள். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

“டன்னல்” என்றேன். “வண்டி டன்னலுக்குள்ள போயிட்டு. சிக்னல் இல்ல.”

எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று தெரியவில்லை. காலையில் லிஃப்டில் அவன் சொன்னது நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். தாமிரா எங்கள் ரயிலில் ஏறியதே இல்லை. தலையை ஆட்டினாள்.

“நீங்க எடுக்கலேன்னதும் மாமாவுக்கு அடிச்சா. என்னைய வெளிய போகச் சொல்லிட்டா. பத்தொம்பது நிமிசம் பேசியிருக்கா, சித்தி. மூச்ச வச்சுக்கிட்டு அவ்வளவு நேரம். பொறவு என்னையக் கூப்பிட்டு, தம்பிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், அவன் வந்து சொல்லுவான், அதுபடி செய்னா. கோடி போடணுமா வேண்டாமாம்மான்னு கேட்டேன். அதையும் அவன்ட்டதான் சொல்லியிருக்கேன்னா. அதுக்கப்புறம் பேசல.”

அவள் கையிலிருந்த போனைப் பார்த்தேன். ஏழு ஐம்பத்தைந்திலிருந்து எட்டு பதினான்கு வரை பேசியிருக்கிறாள். அந்த நேரம் அவன் எங்கே இருந்தான் என்று இந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பதினொன்று இருபதுக்கு அவன் கார் வந்தது. இருபத்திரண்டு நிமிடம். பாழாய்ப்போன மூளை அதையும் கணக்குப் பண்ணியது.

பந்தலைப் பார்த்தான். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தான். தாமிரா நடைவாசலில் குறுக்கே நின்றாள்.

“மாமா, அம்மா என்ன சொன்னா?”

“எப்ப?”

“எப்பவா? காலையில. போன்ல.”

“எனக்குப் போன் வரலியே தாயி.”

தாமிரா பெரியக்காவின் போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவன் தன் போனை எடுத்துப் பார்த்தான். விரல் மேலும் கீழும் போயிற்று. அதிலும் அது இருந்தது. பத்தொன்பது நிமிடம். அவன் கை தானாகக் காதுக்குப் பின்னால் போயிற்று. அங்கே பொட்டு இல்லை. வட்டமாகச் சிவந்த தடம் மட்டும் இருந்தது.

அவன் என்ன சொன்னாலும் அதுதான் பெரியக்கா சொன்னது. மன்னித்துவிட்டாள், கோடி போடச் சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுத்துப் பேச ஆள் கிடையாது. நான் ஒருத்திதான் உண்டு. நான் தயாராகவே நின்றேன். அவன் அந்தப் பொய்யைச் சொல்லட்டும், பொட்டு விவரத்தை இந்தக் கூட்டத்தில் போட்டு உடைத்துவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

“தெரியல தாயி” என்றான். “அந்நேரம் பொட்டு ஒட்டியிருந்தேன். பேசியிருப்பேன். அழுதிருப்பேன். என்ன சொன்னாண்ணு தெரியல.”

“தெரியலன்னா?”

“எங்கிட்ட இல்ல. எங்கேயும் இல்ல.”

அத்தானின் சித்தப்பா ஒருவர் பந்தலிலிருந்தே கத்தினார். “நல்லாருக்குடே! சாவப்போற பொம்பள உசுரப் பிடிச்சுக்கிட்டுப் பேசியிருக்கா, துரை மறந்துட்டாராம். வரிசையில நிக்க அவ்வளவு வலிக்குதோ ஒனக்கு?”

“அன்னிக்கும் ஏரோப்பிளேன்தான், இன்னிக்கும் ஏரோப்பிளேன்தான்” என்றாள் யாரோ ஒருத்தி.

தாமிரா நீட்டிய போனைக் கீழே இறக்கினாள். “சித்திக்காவது டன்னல், சிக்னல் கெடைக்கல. ஒங்களுக்கு என்ன மாமா? காதுல கேட்டுட்டு, வாயால பேசிட்டு, தொடச்சுப் போட்டுட்டு வந்து நிக்கீங்க.”

“டன்னலா?” என்றான்.

என்னைத் திரும்பிப் பார்த்தான். அன்று அவன் பார்த்த பார்வையை நான் சொல்லமாட்டேன். எங்கள் ரயில் பாதையில் டன்னல் கிடையாது என்று ஊருக்கெல்லாம் சொல்லி வியாபாரம் செய்கிறவன் அவன். ஏழு ஐம்பதுக்கு என் வண்டி எங்கே இருந்தது என்பதும் அவனுக்குத் தெரியும். நான்தானே கடிகாரத்தோடு படம்பிடித்துக் குழுவில் போட்டிருந்தேன். அவன் கையில் இருந்த போனில் அந்தப் படம் கிடந்தது. அதில் ஜன்னலில் பளீரென்று வெயில். பதினொரு வருடக் கணக்கை அவன் ஒரே விரலால் முடித்திருக்கலாம்.

அவன் போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டான்.

“ஆமா. விழுப்புரம் தாண்டி ஒரு டன்னல் உண்டு” என்றான். “நீளமானது.”

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

தாமிரா நடைவாசலை விட்டு நகரவில்லை. உள்ளே சங்கு ஊதுகிறவர் வந்து உட்கார்ந்து ஊதி ஓய்ந்துவிட்டார். பெரியவர்கள், கோடி வராமல் எப்படித் தூக்குவது, வெயில் ஏறுதே என்று முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் அவள் வழியை விட்டு விலகினாள்.

“பொய் சொல்லியிருக்கலாம். நீங்க சொல்லல. அதுக்காகப் போடுங்க. அம்மா போடச் சொன்னாண்ணு நெனைச்சுக்கிடாதீங்க. அது யாருக்கும் தெரியாது. எனக்கும் இனிமே தெரியாது. அத நீங்கதான் எடுத்துட்டீங்க.”

அவன் பச்சைப் பட்டை விரித்தான். பதினொரு வருட மடிப்பு. மடிப்பு விழுந்த இடமெல்லாம் நிறம் வெளுத்துக் கோடுகோடாக இருந்தது. பெரியக்கா மேல் அதைப் போர்த்தி, கால்மாட்டில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒருவரும் அவன் பக்கத்தில் போகவில்லை. நானும் போகவில்லை. என்னிடம்தான் எல்லோரும் வந்தார்கள். பாவம், மூன்று தடவை அடித்தும் சிக்னல் கிடைக்கவில்லையே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன்.

மூன்றாம் நாள் திருநெல்வேலி நிலையத்தில் நான் ரயிலேறி உட்கார்ந்ததும் என் பக்கத்து இருக்கையில் ஒரு தோள்பை வந்து விழுந்தது. செண்பகராஜ்.

“விமானம் என்னாச்சு?”

“பொட்டு ஒட்டாம உள்ள விடமாட்டாங்க. நான்தான் அந்தச் சட்டத்தக் கொண்டுவரச் சொல்லி அலைஞ்சேன்.” இருக்கையில் சாய்ந்தான். “எனக்கு இனிமே எல்லா நிமிசமும் வேணும்.”

நான் ஜன்னலைப் பார்த்தேன். இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம். நடுவில் எழுந்து போக இடமில்லை. அவன் கேட்கப் போகிறான். இன்னும் வாயைத் திறக்கவில்லை, ஆனால் கேட்கப் போகிறான். ஏன் எடுக்கவில்லை என்று. ஒருவேளை நீ எடுத்திருந்தால் அவள் என்னிடம் சொன்னதை உன்னிடம் சொல்லியிருப்பாள், உனக்கு ஞாபகமிருந்திருக்கும், இன்றைக்கு நமக்குத் தெரிந்திருக்கும் என்று. நான் அதற்கு என்ன பதில் சொல்வேன்?

சீருடை போட்ட பெண் ஒருத்தி சிறு தட்டோடு வந்தாள். “இந்த மாசத்துலேருந்து நம்ம ரயில்லயும் அறிமுகம், மேடம். விருப்பப்பட்டா ஒட்டிக்கலாம். ஏறுனதும் எறங்கிடுவீங்க.”

தட்டில் வரிசையாகப் பொட்டுகள்.

செண்பகராஜ் சிரித்தான். மூன்று நாளில் அது முதல் சிரிப்பு. நல்ல சிரிப்பு இல்லை. “எங்க ரயில்ல அந்த அசிங்கம் கெடையாதுன்னியே. உனக்குத் தெரியாதாக்கும்?”

தெரியும். அன்று லிஃப்டில் பேசும்போதே தெரியும். அந்த உத்தரவில் நேர அலுவலகம் சார்பாகக் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

“சின்னக்கா” என்றான். சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. “ஒண்ணே ஒண்ணு கேக்கணும் உங்கிட்ட.”

நான் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் காதுக்குப் பின்னால் அழுத்தினேன். ஜில்லென்று இருந்தது.

ஜன்னலில் வண்டலூர் நடைமேடை. வெயிலில் கண் கூசியது. வண்டி நின்றிருந்தது, ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான், ஒரு கண் சிமிட்டல். நடுவில் ஒன்றுமே இல்லை.

ஆனால் தொண்டை கட்டிப்போயிருந்தது. கண் இமைகள் வீங்கியிருந்தன. முந்தானை நனைந்து பிழிகிற மாதிரி இருந்தது. செண்பகராஜின் சட்டைத் தோள்பட்டையிலும் ஈரம். என் இடதுகை அவன் கைக்குள் இருந்தது. நான் பார்த்ததும் அவன் அதை மெதுவாக விட்டுவிட்டு எழுந்து பையை எடுத்தான்.

“ஏலே, நான் என்ன சொன்னேன்?”

அவன் பையைத் தோளில் மாட்டினான்.

“நீ என்ன சொன்ன? அதையாவது சொல்லு. செண்பகம், சொல்லிட்டுப் போல.”

நடைமேடையில் இறங்கி நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

“டன்னல் வந்துச்சு, சின்னக்கா” என்றான். “நீளமானது.”